சக்திவேல் சொன்ன செத்த பணம்

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிற போளூரில் பிறந்து, இன்றைக்கு நாற்பதாயிரம் பேருக்குப் பணத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிற சக்திவேலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியைத் திறந்தால் வந்து நிற்பான். பின்னால் ஒரு கண்ணாடி வீடு, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார், முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. அந்த வீடு கொடைக்கானலில் யாரோ சென்னைக்காரர் கட்டிப் பூட்டி வைத்திருப்பது. காவல்காரரிடம் நூறு ரூபாய் கொடுத்தால் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கார் அன்றைக்கு அங்கே யார் நிறுத்தியிருந்தார்களோ அவர்களுடையது. கறுப்புக் கண்ணாடி மட்டும் அவனுடைய சொந்தச் சொத்து. அதையும் ஏரிக்கரை நடைபாதைக் கடையில் முக்கால் மணி நேரம் பேரம் பேசி வாங்கினான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

என் பெயர் நல்லுசாமி. போளூரிலிருந்து பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிற பிக்கப் வண்டி என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாக இந்த வளைவுகளில் ஓட்டுகிறேன். எந்த வீட்டில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, யார் என்ன விலைக்கு விற்றார்கள், யார் மண்டியில் முன்பணம் வாங்கிவிட்டு வீட்டில் மறைக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்வதில்லை. வண்டிக்காரனுக்கு வாடகை வந்தால் போதும். சக்திவேல் கதையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவன் என் வண்டியையே தன் வண்டி என்று ஊருக்குச் சொன்னவன்.

மன்னவனூரில் ஒருநாள் டயர் பஞ்சர். நான் ஜாக்கி போட்டுக் கீழே படுத்திருந்தேன். அவன் எங்கிருந்தோ வந்து, "மாமா, ரெண்டு நிமிஷம் வண்டி முன்னாடி நின்னுக்கிறேன்," என்று இருநூறு ரூபாயை என் சட்டைப்பையில் செருகினான். காசு தருகிறவனை எதற்கு விரட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வீடியோ வந்தது. "இந்த மாதிரி எனக்கு நாலு வண்டி ஓடுது மக்களே. நான் தூங்குறப்பவும் அது சம்பாதிக்குது. இதுக்குப் பேருதான் பாசிவ் இன்கம்." படத்தின் ஓரத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தூங்கும்போது சம்பாதித்துக் கொடுக்கிற கால்கள் அவைதான். என்னுடையவை.

அவன் வரலாறு முழுக்க இந்த லட்சணம்தான். அப்பன் இவனுடைய சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காளியாயி அரை ஏக்கர் பூண்டு போட்டு அவனைப் பழனியில் பாலிடெக்னிக் சேர்த்தாள். மூன்று செமஸ்டர் போனான். நான்காவதில் கல்லூரிக்கு அவனைத் தெரியவில்லை, அவனுக்கும் கல்லூரியைத் தெரியவில்லை. அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் நின்றான். வருகிற பக்தரிடமெல்லாம் "மொத்தமா நூறு டப்பா வாங்கி ஊர்ல வித்தா லாபம்" என்று யோசனை சொல்லியிருக்கிறான். அவர்கள் ஒரு டப்பா வாங்க வந்தவர்கள், பயந்துபோய் அதையும் வாங்காமல் போனார்கள். முதலாளி ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஆயக்குடியில் கொய்யா ஜூஸ் போட்டான். கொய்யா கூடையோடு மலிவாகக் கிடைக்கிற ஊரில் அதை எவன் ஜூஸாகக் காசு கொடுத்துக் குடிப்பான்? அதுவும் போனது.

அப்புறம் சத்துமாவு. நாலு பேரைச் சேர்த்தால் நீ மேலே, அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்தால் நீ இன்னும் மேலே என்கிற வியாபாரம். போளூரில் வீட்டுக்கு இரண்டு டப்பா தலையில் கட்டினான். என் வீட்டிலும் இருக்கிறது, என் மனைவி அதில் உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். ஊருக்குள் வர முடியாமல் கொடைக்கானலிலேயே தங்கிக்கொண்டான். கைடு என்று சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றவன், ஒரு சீசனில் கைப்பேசியைக் குச்சியில் மாட்டிப் பேச ஆரம்பித்தான். தொட்டதெல்லாம் தோற்றவன், ஜெயிப்பது எப்படி என்று சொல்ல உட்கார்ந்தான். அதற்குத்தான் கூட்டம் கூடியது.

இவனிடம் எவன் கேட்பான் என்று நினைப்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். சாக்லேட் கடையில் நிற்கிற பெண்கள், லாட்ஜில் ரூம் காட்டுகிற பையன்கள், குதிரை ஓட்டுகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கிற அத்தனை பேரும். முதல் சம்பளம் வந்ததும் அதை என்ன செய்வது என்று இவனுக்குச் செய்தி அனுப்புவார்கள். வங்கியில் போய்க் கேட்டால் படிவம் நிரப்பச் சொல்வார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் கேட்டால் கேள்வி முடிவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுவார். வீட்டில் கேட்டால் "நீ சம்பாதிச்சுக் கிழிச்ச" என்று ஆரம்பிக்கும். இவன் மட்டும் பத்து நிமிஷத்தில் பதில் போடுவான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகப் படித்த பிள்ளைகள் அறிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் நின்றார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

அவனுடைய பெரிய கண்டுபிடிப்பு செத்த பணம். வீட்டில் சும்மா இருக்கிற எதுவும் சொத்து கிடையாது, அது செத்த பணம் என்பான். அம்மா பெட்டியில் இருக்கிற தோடு செத்த பணம். தொழுவத்தில் நிற்கிற கறவை வற்றிய மாடு செத்த பணம். "எடுங்க, வித்து ஓட விடுங்க" என்று கையை வீசுவான். ஓடுகிற இடம் கைப்பேசியில் ஒரு ஆப். அதில் போட்டால் நாற்பது நாளில் ஒன்றரை மடங்கு. ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் இவனுக்குக் கமிஷன் என்பதை மட்டும் வீடியோவில் சொல்லமாட்டான்.

இந்தப் பேச்சைத்தான் தமிழ்மதி கேட்டாள்.

தமிழ்மதி எங்கள் ஊரில் பூண்டு போடுகிற மணியனுடைய இளைய மகள். இருபத்து நாலு வயது, பி.காம். கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். தாயில்லாத வீடு. மாசி மாதம் மணியன் வரப்பில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போனது. மலையில் வைத்துப் பார்க்க முடியாது என்று ஆயக்குடியில் கட்டிக் கொடுத்திருந்த மூத்த மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேலையை விட்டுவிட்டுத் தமிழ்மதி தோட்டத்தைப் பார்க்க வந்தாள். வைகாசியில் அப்பா திரும்பி வரும்போது முக்கால் ஏக்கரிலும் பூண்டு ஊன்றியிருக்க வேண்டும். அந்த வெள்ளாமைதான் அவர்களுடைய வருஷச் சாப்பாடு, அடகு மீட்கிற காசும் அதுதான்.

ஊன்றுவதற்கு விதை பரணில் இருந்தது. எங்கள் ஊர்ப் பூண்டை அறுத்ததும் நல்ல முழுப்பூண்டாகப் பொறுக்கி, தண்டோடு சேர்த்துக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கவிடுவோம். இரண்டு மாதம் புகை குடித்தால்தான் அது விதை. புகை படாததை ஊன்றினால் பாதி அழுகும், பாதி முளைக்க யோசிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டுக்கயிறு உண்டு. மணியன் வீட்டுக் கட்டு பச்சைத் துணி. தைப்பூசத்துக்கு அவர் வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போவார். உடுத்திப் போன பச்சை வேட்டியைக் கரித்துணி ஆக்கமாட்டார். கிழித்து விதைப்பூண்டு கட்டத்தான் எடுத்து வைப்பார். எத்தனை பரண் இருந்தாலும் அவர் வீட்டுக் கட்டை நான் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். விதையில் கைவைக்காதே என்று மகளிடம் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

அந்த வருஷம் பூண்டு விலை கண்டபடி ஏறிக் கிடந்தது. பங்குனிக் கடைசியில் தமிழ்மதி கொடைக்கானலுக்கு என் வண்டியில் வந்தாள், பக்கத்து சீட்டில். மன்னவனூர் தாண்டியதும் கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பரண்ல நாப்பது கட்டு கெடக்கு. இப்ப நல்ல விலை. இத வித்துட்டு, வைகாசில விலை எறங்குனதும் திரும்ப வாங்கி ஊன்றலாமா? நடுவுல அந்தக் காசு சும்மா கெடக்காதுல்ல. சரியா வருமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். "அப்படியே வீட்டையும் வித்துட்டு, மழை வரும்போது திரும்ப வாங்கிக்க தாயி," என்றேன். "பி.காம் படிச்சவளுக்கு வண்டிக்காரனா சொல்லித் தரணும்? என் சோலி வண்டி ஓட்டுறது. நீ ஏத்துன்னா ஏத்துவேன், எறக்குன்னா எறக்குவேன்."

அவளும் லேசாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூம்பாறையில் டீக்கு நிறுத்தினேன். அங்கே இருந்த நாலு பேரிடம் இதைச் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். விதையை விற்று விதை வாங்குகிற பி.காம் என்று ஒருவன் பட்டமே கொடுத்தான். அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை, டீயும் வேண்டாம் என்றாள். ஏதோ கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "மாமா, வெள்ளனே வண்டிய எடுத்துட்டு வாங்க. பரண எறக்கணும்," என்றாள். போனேன். கட்டுகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது சக்திவேல் அனுப்பியிருந்த பதிலைப் போட்டுக் காட்டினாள். அவன் குரலில் தேன் ஒழுகியது. "தங்கச்சி, ரொம்ப நல்ல கேள்வி கேட்டிருக்க. நூத்துல ஒருத்தர்தான் இப்படி யோசிப்பாங்க. தாராளமா வித்துரு. உச்சத்துல விக்கணும், பள்ளத்துல வாங்கணும், அதான் மார்க்கெட்." பிறகு ஆப்பின் பெயரையும் அவன் மூலமாகச் சேருவதற்கான எண்ணையும் சொன்னான். அவன் பெற்ற தாய் பூண்டு போட்டுத்தான் அவனை வளர்த்தாள். ஊன்றுகிற மாதத்தில் விதை விலை இறங்காது, எகிறும் என்பது அந்த ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கமிஷன் பெரிதாகத் தெரிந்தது. இரண்டில் எதுவானாலும் காறித் துப்பலாம்.

நான் எதுவும் சொல்லவில்லை. நாற்பது கட்டையும் மலையடிவாரத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு இறக்கினேன். எழுபதாயிரம் கிடைத்தது. அன்றைக்கே அது ஆப்புக்குள் போனது.

இங்கே காளியாயி வருகிறாள். சக்திவேலின் அம்மா. பொத்தான் போன் வைத்திருப்பவள், மகன் பேசுகிற வீடியோ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பரண் இறங்கிய சங்கதி எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. நான் வடுகபட்டியில் நிற்கும்போதே அழைத்தாள்.

"ஏலே நல்லுசாமி, மணியன் வீட்டு வெதைய எறக்கிட்டியாமே. அந்தப் புள்ளைக்கு எவன் சொன்னானாம்?"

"உன் மகன்தான்க்கா. இந்த ஊருக்கே விக்கச் சொல்லிக்கிட்டிருக்கான்."

"அவன் விக்கச் சொல்றானா? அப்ப வாங்கிற வேண்டியதுதான். மண்டிக்காரர வேற ஆளுக்குக் குடுத்துறாம நாளைக்கு வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லு. நான் காலம்பற பஸ்ல வாரேன்," என்றாள்.

சொன்னபடி வந்தாள். மடியிலிருந்து எடுத்த காசு மகன் அனுப்பியது. யாரிடமாவது கொடுத்து ஆப்பில் போட்டு வை அம்மா என்று ஐந்து மாதமாக அவன் அனுப்பியதை அவள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். மண்டிக்காரர் தன் கமிஷனும் லாபமும் வைத்து நாற்பது கட்டையும் கொடுத்தார். அதே கட்டுகளை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையேறி, காளியாயி வீட்டுப் பரணில் தொங்கவிட்டேன். போக ஒரு வாடகை, வர ஒரு வாடகை. அந்த வாரம் எனக்கு நல்ல வாரம். "வெளிய மூச்சு விடாத," என்றாள். அதற்கு அவள் எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

சித்திரை முழுக்கத் தமிழ்மதி முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. கைப்பேசியில் அவள் பணம் பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டே போனது. எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. என்னிடமும் காட்டினாள். நானும் ஒரு ஐயாயிரம் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வைகாசி பிறந்தது, முதல் மழையும் விழுந்தது. பணத்தை எடுக்கப் போனாள். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. ஒரு வாரம் கழித்து, எடுப்பதற்கு முன் வரியாக ஒன்பதாயிரம் கட்டு என்று வந்தது. நல்ல வேளை, கட்ட அவளிடம் காசு இல்லை. அதற்கும் பிறகு ஆப்பே திறக்கவில்லை. கொடைக்கானலுக்குப் போய்ப் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள், ரசீது வாங்கிக்கொண்டு வந்தாள். சக்திவேலுக்கு அழைத்தால் அவன் பத்து நிமிஷ ஆள் இல்லை இப்போது, எடுப்பதே இல்லை. வெளியே விதை கிலோ அறுநூற்று ஐம்பதுக்குப் போனது. அதுவும் எங்கேயோ கோணியில் கிடந்த, புகை காணாத சரக்கு. உழுது பாத்தி பிடித்த முக்கால் ஏக்கர் வெறுமனே நனைந்துகொண்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் மணியன் வருகிறார்.

ஒரு மத்தியானம் என் வண்டியிடம் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "மாமா, எங்கயாச்சும் வெதை இருக்கா? ஊர்ல எல்லாப் பரணும் உங்களுக்குத் தெரியும்ல," என்றாள். கடனுக்குத் தர ஆள் வேண்டும் என்றாள்.

எனக்குள்ளே ஒரு கெட்ட சந்தோஷம். இந்தக் கதையின் கடைசிக் காட்சியை நான்தானே காட்டப் போகிறேன் என்று. "ஏறு," என்றேன்.

காளியாயி வீட்டு வாசலில் சக்திவேல் நின்றான். ஆப் மூடிய பிறகு கொடைக்கானலில் நாலு பேர் தேடியதால் அம்மா வீட்டுக்கு ஓடி வந்திருந்தான். அங்கேயும் கறுப்புக் கண்ணாடி. தமிழ்மதியைப் பார்த்ததும், "தங்கச்சி, இது மார்க்கெட் ரிஸ்க்தான். லாங் டெர்ம்ல பாத்தா…" என்று ஆரம்பித்தான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். அடுப்படியில் நிமிர்ந்து பார்த்தாள். புகைக்குள் வரிசையாகப் பச்சைத் துணி முடிச்சுகள். கையை நீட்டி ஒன்றைத் தொட்டாள்.

"இது எங்க அப்பா வேட்டி," என்றாள்.

"ஆமா, உங்க வீட்டுக் கட்டுதான்," என்றாள் காளியாயி. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "திருடல. மண்டியில காசு குடுத்து வாங்குனேன்."

"அண்ணன் விக்கணும்னு சொன்னாரு பெரியம்மா. நீங்க எப்படி வாங்குனீங்க?"

"அவன் சொன்னான்னுதான் வாங்குனேன். அவன் பொறந்ததுல இருந்து நான் பாக்குறேன். அவன் கிழக்கன்னா நான் மேற்கால போவேன். இந்த வயசு வரைக்கும் அதுலதான் எனக்குக் கஞ்சி ஓடுது."

சக்திவேல் வாசலில் நின்றே மேலே பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "எம்மா, அது என் காசா? அத ஆப்லதான போடச் சொன்னேன்."

"போட்டிருந்தா இப்ப எங்கலே இருக்கும்?"

அவன் பரணில் இருந்த கட்டுகளை எண்ணினான். "இப்ப வெளிய அறுநூத்தம்பது போகுதும்மா. நாப்பது கட்டும் இன்னைக்கே குடுத்தா…" என்றான். காளியாயி களைந்த தண்ணீரை அவன் காலடியில் போகிற மாதிரி வாசலில் ஊற்றினாள். அவன் ஒதுங்கிக்கொண்டான்.

பிறகு தமிழ்மதியைப் பார்த்துச் சொன்னாள். "முழுசும் தர முடியாது. எனக்கும் அரை ஏக்கர் இருக்கு. இருபது கட்டு கொண்டு போ. காசு வேண்டாம். அறுப்புல கட்டுக்குக் கட்டு திருப்பிக் குடுத்துரு. நல்லாப் பொகை போட்டுக் குடுக்கணும்." அப்புறம் மகனிடம், "அந்தக் கண்ணாடிய கழட்டிட்டு வெரசாக் கட்ட எறக்கி வண்டியில வைலே," என்றாள். நாற்பதாயிரம் பேரின் குரு இருபது தடவை குனிந்து நிமிர்ந்தான். நான் உதவிக்குப் போகவில்லை.

பாதி நிலம் ஊன்றிவிடலாம். மீதிப் பாதியில் இந்த வருஷம் பீன்ஸ்தான். அடகு மீட்க முடியாது, அப்பாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் வந்து பார்க்கும்போது பாத்தி வெறும் பாத்தியாக இருக்காது.

சக்திவேல் இதோடு திருந்தினான் என்று எதிர்பார்த்தால் நீங்களும் அவனுக்குக் காசு அனுப்பக்கூடியவர்தான். எட்டாம் நாள் வீடியோ போட்டான். "விதைப்பூண்டில் இரண்டு மாதத்தில் இருமடங்கு: நான் செய்த ரகசிய முதலீடு." அம்மா வீட்டுப் பரணுக்குக் கீழே நின்றுதான் பேசினான், பின்னால் பச்சை முடிச்சுகள் தெரிந்தன. ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். அது யார் வீட்டு விதை என்று எங்கள் ஊரில் ஒருவன்கூட இதுவரை அவனைக் கேட்கவில்லை.

அவன் கதை இவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு வண்டியில் நடந்ததைச் சொல்லாமல் முடித்தால் நானும் அவனைப் போலப் பாதியை மறைத்தவன் ஆவேன்.

மணியன் வீடு ஊருக்குள் இல்லை, நாலு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்திலேயே இருக்கிறது. இருபது கட்டும் பின்னால், தமிழ்மதி பக்கத்து சீட்டில். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. ஆரம்பித்தேன். "படிச்சு என்ன தாயி புண்ணியம்? எவனோ கண்ணாடி போட்டுக்கிட்டுப் பேசுனா நம்புறீங்க. ஊர்ல நாங்க இத்தனை பேரு இருக்கோம். மனுசங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்கெல்லாம் ஏன் தோண மாட்டேங்குது?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டேன் மாமா," என்றாள். "இந்த சீட்ல உக்காந்துதான் கேட்டேன். உங்ககிட்டத்தான் மொதல்ல கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. பூம்பாறையில எல்லாரையும் கூட்டி வச்சுச் சிரிச்சீங்க." குரலில் கோபம்கூட இல்லை. "அந்த அண்ணன் பொய் சொன்னாரு. ஆனா நல்ல கேள்வின்னு சொன்னாரு."

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது 'விக்காதே' என்கிற ஒரே வார்த்தை. மன்னவனூரிலிருந்து பூம்பாறை வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அதற்கப்புறம் பரணை இறக்கிய காலையிலும் இருந்தது.

தோட்டத்தில் கட்டுகளை அவளே இறக்கினாள். நான் கைவைக்கப் போனபோது, "இருக்கட்டும் மாமா," என்றாள். கடைசிக் கட்டையும் உள்ளே வைத்துவிட்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, "வாடகை எவ்வளவு?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. முந்நூறு ரூபாயை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதே பூண்டுக்கு அது நான் வாங்கிய மூன்றாவது வாடகை.